தண்ணீர் குடிக்கும் பறவை எப்போது நிற்கும்?

பொருட்காட்சியிலோ பரிசுப் பொருள் கடையிலோ இந்தக் கண்ணாடிப் பறவையை நீங்கள் பார்த்திருக்கலாம். தலையில் ஒரு சிறு தொப்பி. நீண்ட மெல்லிய கழுத்து. வயிற்றில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு திரவம். முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். பறவை மெல்ல முன்னும் பின்னும் ஆடுகிறது. பிறகு தலை குனிந்து அலகைத் தண்ணீரில் நனைக்கிறது. உடனே நிமிர்ந்து மறுபடியும் ஆடத் தொடங்குகிறது. சாவி கொடுக்க வேண்டியதில்லை. பேட்டரி கிடையாது. காலையில் தொடங்கினால் மாலை வரை குடித்துக்கொண்டே இருக்கும்.

இதைப் பார்த்தவுடன் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் என்ன பயன்?" என்பது. உண்மையான பதில், "ஒன்றுமில்லை" என்பதுதான். இதைக் கண்டுபிடித்தவரே அதை ஒளிக்கவில்லை. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய மைல்ஸ் சல்லிவன் என்பவர் 1946-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் இவர் இதற்கு வைத்த தலைப்பே 'வேடிக்கைப் பொருள்' என்னும் பொருள் தருவதுதான்!

ஆனால் விஞ்ஞானம் படிக்கும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இது எப்படி ஓடுகிறது?" என்று கேட்கலாம். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: "இது எப்போது நிற்கும்?" ஒரு கருவி எந்த நிலையில் நின்றுபோகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான், அது எப்படி ஓடுகிறது என்பது நமக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள். பயனற்றவை என்று ஒதுக்கப்படும் மூன்று வேடிக்கைப் பொருள்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

பறவையின் வயிற்றுக்குள்

பறவையின் தலை ஒரு கண்ணாடிக் குமிழ். வயிறு மற்றொரு குமிழ். இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாய் இணைக்கிறது. குழாயின் கீழ்முனை வயிற்றில் உள்ள திரவத்தில் மூழ்கி, அடித்தளத்துக்கு அருகே வரை செல்கிறது. உள்ளே இருந்த காற்று முழுவதும் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே உள்ளே இருப்பவை இரண்டே: திரவம், அதன் ஆவி.

அந்தத் திரவம் தண்ணீர் அன்று, பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன். இது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதாரண அறை வெப்பநிலையிலும் இதன் ஆவி அழுத்தம் மிக அதிகம். 20 டிகிரியில் ஏறக்குறைய அரை வளிமண்டல அழுத்தம்! வெப்பநிலை சற்றே மாறினாலும் இந்த அழுத்தம் கணிசமாக மாறும்.

இப்போது தலையைக் கவனியுங்கள். அதன் மேல் பஞ்சு போன்ற துணி ஒட்டப்பட்டிருக்கிறது. அதைத் தண்ணீரில் நனைத்தால் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி தலையிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தலை குளிர்கிறது. கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

தலை குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ஆவியில் ஒரு பகுதி திரவமாகிறது. தலைக்குள் அழுத்தம் குறைகிறது. வயிற்றில் அழுத்தம் குறையவில்லை. ஆகவே வயிற்றில் உள்ள ஆவி, திரவத்தைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. நாம் உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கும்போது நடப்பதும் இதுதான்.

திரவம் ஏற ஏறத் தலை கனக்கிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே போனதும் பறவை கவிழ்கிறது, அலகு நனைகிறது. கவிழ்ந்த நிலையில் குழாயின் கீழ்முனை திரவத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. வயிற்றிலிருந்து ஓர் ஆவிக்குமிழி குழாய் வழியே தலைக்கு ஓடுகிறது. இரு பக்கமும் அழுத்தம் சமமாகிறது. திரவம் வயிற்றுக்கே திரும்புகிறது. பறவை நிமிர்கிறது. மீண்டும் முதலிலிருந்து எல்லாம் தொடங்குகிறது.

தலைக்கும் வயிற்றுக்கும் எவ்வளவு வெப்பநிலை வேறுபாடு இருந்தால் போதும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். திரவத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.33 மடங்கு. 10 செ.மீ. உயரத்துக்கு அதை ஏற்றத் தேவையான அழுத்தம், அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 1330 × 9.8 × 0.1 = சுமார் 1300 பாஸ்கல். 20 டிகிரிக்கு அருகே வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இத்திரவத்தின் ஆவி அழுத்தம் சுமார் 1900 பாஸ்கல் மாறுகிறது. ஆகவே ஒரு டிகிரி கூடத் தேவையில்லை. முக்கால் டிகிரியே போதும். தொட்டுப் பார்த்தால் கைக்குத் தெரியாத வேறுபாடு. பறவைக்கு அது தாராளம்.

பறவையை நிறுத்துவது எப்படி?

இனி நம் கேள்விக்கு வருவோம். தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டால் பறவை நிற்குமா? நிற்கும், ஆனால் உடனே அன்று. தலையில் ஈரம் உள்ளவரை ஆடும். ஆகவே 'தண்ணீர் குடிப்பது' அதற்கு உணவன்று. தலையை ஈரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமே.

இப்போது டம்ளரோடு சேர்த்துப் பறவையை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியால் மூடுங்கள். தண்ணீர் இருக்கிறது, தலையும் நனைந்திருக்கிறது. இருந்தும் சிறிது நேரத்தில் ஆட்டம் தளர்ந்து நின்றுவிடும். ஜாடிக்குள் உள்ள காற்று நீராவியால் நிறைந்துவிட்டது. இனி தலையிலிருந்து தண்ணீர் ஆவியாக முடியாது. தலை குளிராது, அழுத்த வேறுபாடு இல்லை, ஓட்டமும் இல்லை. ஜாடியைத் தூக்கினால் பறவைக்கு மீண்டும் உயிர் வரும்.

வானிலையும் இதைப் பாதிக்கும். காற்று 30 டிகிரியில் இருந்து, ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், நனைந்த பரப்பு சுமார் 22 டிகிரி வரை குளிரக்கூடும். ஈரப்பதம் 80 சதவீதமானால் 27 டிகிரியோடு நின்றுவிடும். 100 சதவீதமானால் குளிர்ச்சியே இல்லை. அதனால் வறண்ட கோடைநாளில் விரைவாகக் குடிக்கும் பறவை, அடைமழை நாளில் சோம்பிவிடும்.

இன்னொரு சோதனை. தண்ணீரே இல்லாமல், வயிற்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசி அதன்மேல் மட்டும் விளக்கொளி படச் செய்தாலும் பறவை ஆடும். தலையைக் குளிர வைப்பதும் வயிற்றைச் சூடாக்குவதும் அதற்கு ஒன்றுதான். ஆக, பறவையை ஓட்டுவது தண்ணீரும் அன்று, திரவமும் அன்று. இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடுதான்.

நீராவி இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே. சூடான இடத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று, அதில் ஒரு பகுதியை வேலையாக மாற்றி, மீதியைக் குளிர்ந்த இடத்தில் விட வேண்டும். எந்த வெப்ப இயந்திரத்துக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. தலை 27 டிகிரி, வயிறு 30 டிகிரி என்று கொண்டால், கார்னோ வகுத்த விதிப்படி அதிகபட்சத் திறன் 3-ஐ 303-ஆல் வகுத்தால் கிடைக்கும். அதாவது நூற்றுக்கு ஒன்று. உண்மைப் பறவையின் திறன் அதைவிடவும் குறைவு. இலவசமாக ஓடுவதுபோல் தோன்றும் பறவை, கிடைப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கைவிட்டுத்தான் ஓடுகிறது.

ஆயினும் இந்தப் பொம்மையை எல்லாரும் பொம்மையாகவே விட்டுவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு ஹாங்காங்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இப்பறவையின் ஆட்டத்தைக் கொண்டு, உராய்வு மின்சாரம் உண்டாக்கும் ஒரு கருவியைச் செய்து காட்டினார்கள். மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டியது. மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதைக்கொண்டு கால்குலேட்டர் போன்ற சிறு சாதனங்களை இயக்க முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. பறவைக்குள் உள்ள திரவத்தின் ஆவி நச்சுத்தன்மை உள்ளது. உடைத்துப் பார்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது.

விஞ்ஞானிகளை ஏமாற்றிய காற்றாடி

இரண்டாவது வேடிக்கைப் பொருள், பறவையைவிடப் பழையது. மின்விளக்குப் பல்பு போன்ற கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஊசி முனையில் நிற்கும் ஒரு சிறு காற்றாடி. அதற்கு நான்கு தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு முகம் கறுப்பு. மறுமுகம் வெள்ளை அல்லது பளபளப்பு. வெயிலில் வைத்தால் காற்றாடி சுழலும். நிழலுக்குக் கொண்டுவந்தால் வேகம் குறையும். கடைகளின் கண்ணாடி அலமாரிகளை அழகுபடுத்த இதை வைப்பதுண்டு.

இதைச் செய்தவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் குரூக்ஸ். 1861-இல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர் இவரே. அதன் அணு எடையைத் துல்லியமாக அறிய, காற்று நீக்கிய பெட்டிக்குள் தராசை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். சூடான பொருளின் எடை சற்று மாறுவதுபோல் தோன்றியது. எடை எப்படி மாறும்? வெப்பமும் ஒளியும் பொருளைத் தள்ளுகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தின் விளைவாக 1870-களில் பிறந்ததே இந்தக் காற்றாடி. 'ரேடியோமீட்டர்' என்று பெயரிட்டார்.

அதே காலத்தில், 1873-இல், ஒளி தான் விழும் பரப்பின்மீது அழுத்தம் செலுத்த வேண்டும் என்று மேக்ஸ்வெல் தம் நூலில் காட்டியிருந்தார். ரேடியோமீட்டர் சுழல்வதைப் பார்த்தவர்கள், "இதோ ஒளியின் அழுத்தம்!" என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பந்தைச் சுவரில் எறிந்தால், அது ஒட்டிக்கொள்வதைவிடத் திரும்பித் தெறிக்கும்போது சுவருக்குக் கிடைக்கும் தள்ளல் அதிகம். ஒளியும் அப்படித்தான். கறுப்பு முகம் ஒளியை விழுங்கிவிடுகிறது; பளபளப்பான முகம் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பளபளப்பான முகத்தின் மீதுதான் இரு மடங்குத் தள்ளல் இருக்க வேண்டும். ரேடியோமீட்டரில் நடப்பது இதற்கு நேர் எதிர். கறுப்பு முகமே பின்னுக்குத் தள்ளப்படுகிறது!

இப்போது நம் கேள்வியைக் கேட்போம்: இது எப்போது நிற்கும்? பல்பு நிறையக் காற்று இருந்தால் சுழலாது. காற்றை நீக்க நீக்கச் சுழற்சி தொடங்குகிறது. வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் மிக நன்றாகச் சுழல்கிறது. காற்றை இன்னும் முழுமையாக நீக்கினால்? மீண்டும் நின்றுவிடுகிறது! ஒளி மட்டும் தள்ளுவதாக இருந்தால், காற்று குறையக் குறைய வேகம் கூடியல்லவா இருக்க வேண்டும்? எனவே தள்ளுவது ஒளியன்று, பல்பில் எஞ்சியுள்ள காற்று.

1876-இல் ஆர்தர் ஷுஸ்டர் என்பவர் இதற்கு அழகான சான்று தந்தார். பல்பையே நூல்களில் தொங்கவிட்டு ஒளி பாய்ச்சினார். காற்றாடி ஒரு பக்கம் சுழலத் தொடங்கியதும் பல்பு எதிர்ப்பக்கமாகச் சற்றே திரும்பியது. நியூட்டனின் மூன்றாம் விதி! விசை வெளியே இருந்து வந்திருந்தால் பல்பு அப்படித் திரும்பியிராது.

எஞ்சிய காற்று எப்படித் தள்ளுகிறது? கறுப்பு முகம் அதிகம் சூடாகிறது. "சூடான முகத்தில் மோதும் மூலக்கூறுகள் அதிக வேகத்தோடு தெறிக்கின்றன, அதனால் தகடு பின்னுக்குப் போகிறது" என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இது பாதி உண்மை. அப்படி வேகமாகத் தெறிக்கும் மூலக்கூறுகள், தகட்டை நோக்கி வரும் மற்ற மூலக்கூறுகளைத் தடுத்தும் விடுகின்றன. மோதலின் வலிமை கூடுகிறது, எண்ணிக்கை குறைகிறது. தகட்டின் நடுப்பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். தகட்டின் விளிம்புகளில்தான் இந்த ஈடு முழுமையாக நடப்பதில்லை. மேலும், குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு விளிம்பை ஒட்டிக் காற்று ஊர்ந்து செல்கிறது. அதன் எதிர்விளைவாகத் தகடு நகர்கிறது. 1879-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸும் மேக்ஸ்வெல்லும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அலமாரிப் பொம்மை ஒன்று, மேக்ஸ்வெல் தம் கடைசி ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று!

அப்படியானால் ஒளிக்கு அழுத்தமே இல்லையா? உண்டு, ஆனால் மிகச் சிறிது. 1901-இல் ரஷ்ய விஞ்ஞானி லெபெதேவ் மிக நுட்பமான சோதனையால் அதை அளந்து வெளியிட்டார். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின்மீது நேராக விழும் சூரிய ஒளி தரும் தள்ளல், சுமார் ஒரு மில்லிகிராம் எடைக்குச் சமம். அவ்வளவுதான். ஆனால் தடுக்கக் காற்றில்லாத விண்வெளியில், ஓயாமல் தள்ளினால் அதுவும் வீணாகாது. 2010-இல் ஜப்பான் அனுப்பிய 'இக்காரோஸ்' என்ற விண்கலம், 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விரித்து, சூரிய ஒளியின் தள்ளலைப் பெற்று வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது.

சொன்ன பேச்சைக் கேளாத கல்

மூன்றாவது பொருளுக்கு வெப்பமும் வேண்டாம், ஒளியும் வேண்டாம். படகுபோல் அடிப்பக்கம் வளைந்த நீளமான ஒரு துண்டு, அவ்வளவுதான். மேசைமேல் வைத்து ஒரு திசையில் சுழற்றினால் ஒழுங்காகச் சுழலும். எதிர்த்திசையில் சுழற்றினாலோ, சிறிது நேரத்தில் முரண்டு பிடிக்கும்; முன்னும் பின்னும் தடதடவென்று ஆடும்; நின்றுவிடும்; பிறகு தானாகவே மறுதிசையில் சுழலத் தொடங்கும்! பழங்காலக் கற்கோடரிகள் சிலவற்றில் இக்குணம் காணப்பட்டதால், கற்கோடரிக்குரிய 'செல்ட்' என்ற பெயரே இதற்கும் வந்தது.

கோண உந்தம் அழியாது, மாறாது என்று படித்திருக்கிறோமே, இது எப்படித் திசை மாறுகிறது? விதியை முழுவதும் நினைவுகூருங்கள்: வெளியிலிருந்து திருப்புவிசை செயல்படாதவரை மாறாது. இங்கே மேசை இருக்கிறது, உராய்வு இருக்கிறது. கல்லின் அடிப்பக்க வளைவின் அச்சும், அதன் நிறை பரவியிருக்கும் அச்சும் ஒன்றாகப் பொருந்தாமல் சற்றுக் கோணலாக இருக்கின்றன. அதனால் சுழற்சி ஆட்டமாக மாறுகிறது. அந்த ஆட்டம், உராய்வின் உதவியால், எதிர்ச் சுழற்சியாக மாறுகிறது. நம் கேள்விக்கு விடை இப்போது எளிது. உராய்வே இல்லாத தளத்தில் இந்த வித்தை நின்றுபோகும். கல் திசை மாறாது.

இந்தக் கல்லின் கணக்கை 1896-இல் விரிவாக எழுதியவர், கேம்பிரிட்ஜில் இருந்த கில்பர்ட் வாக்கர். பம்பரங்களிலும் பூமராங்கிலும் ஈடுபாடு கொண்டவர். 1904-இல் இவர் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தலைவராக வந்தார். பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்று கண்டறிய, உலகின் பல இடங்களில் அளந்த காற்றழுத்தக் கணக்குகளைப் புரட்டினார். பசிபிக் பெருங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டு, 'தென் அலைவு' என்று பெயர் சூட்டினார். இன்று எல் நினோ பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே வருகிறது.

வாக்கரை நாம் நினைவில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் இவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதத் தாள்களை இவரிடம் காட்டினார்கள். அவருக்கு ஆராய்ச்சி வசதி செய்துதர வேண்டும் என்று வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞர்தான் ராமானுஜன்.

சுழலும் கல்லுக்கும் பருவமழைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ராமானுஜனின் கணிதத்துக்கும் இல்லை. ஆனால் 'என்ன பயன்?' என்று கேட்காமல் ஒரு கல்லின் முரண்டுக்குக் கணக்குப் போட்டவர்தான், பயன் தெரியாத சூத்திரங்கள் நிறைந்த தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

இந்தக் கேள்வி எதற்கு உதவும்?

"எரிபொருளே இல்லாமல் ஓடும் எஞ்சின்", "ஒருமுறை சுழற்றினால் போதும், வீடு முழுவதற்கும் மின்சாரம்" என்பன போன்ற செய்திகளும் படங்களும் அவ்வப்போது நம் கண்ணில் படுகின்றன. நம்பிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. அத்தகைய இயந்திரத்தைக் காட்டுபவரிடம் வாதாட வேண்டாம். "இது எப்போது நிற்கும்?" என்று மட்டும் கேளுங்கள். குடிக்கும் பறவைக்கு அதன் விடை தெரியும்: காற்றில் ஈரம் நிறைந்தால் நிற்கும். ரேடியோமீட்டருக்குத் தெரியும்: காற்று கூடினாலும் நிற்கும், அறவே போனாலும் நிற்கும். "நிற்கவே நிற்காது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அல்லது நீங்கள் புரிந்துகொள்ளக் கூடாது என்று நினைக்கிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாள், மழை நாள், காலை, பிற்பகல் என்று பல வேளைகளில் செய்யுங்கள். வேறுபாடு அதிகமாக உள்ள வேளையில் பறவை வேகமாகக் குடிக்கும். வேறுபாடே இல்லாத வேளையில் நின்றுவிடும். பறவையை விலைக்கு வாங்காமலே அதன் ஓட்டத்தை நீங்கள் முன்கூட்டிச் சொல்லலாம்.

2. நீளவாக்கில் குழிந்த பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் கைப்பிடியைப் பெரியவர்கள் உதவியோடு நறுக்கி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். குழிப்பகுதியின் இட முன் ஓரத்தில் ஒன்றும், வலப் பின் ஓரத்தில் ஒன்றுமாக, குறுக்குக் கோட்டில் இரண்டு சிறு களிமண் உருண்டைகளை ஒட்டுங்கள். மேசைமேல் இரு திசைகளிலும் சுழற்றுங்கள். முதல் முறையே சரியாக வராது. உருண்டைகளை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஒரு திசை மட்டும் பிடிக்காமல் போகும் நிலை வந்ததும், உருண்டைகளை மறு மூலைகளுக்கு மாற்றுங்கள். இப்போது எந்தத் திசையில் முரண்டு பிடிக்கும்? சுழற்றுவதற்கு முன்பே விடையை எழுதி வையுங்கள்.